வீட்டு உறுதியில் அவள் கையெழுத்து உண்டு

அஸ்ஸலாமு அலைக்கும், நடுவர் அவர்களே. கிழக்கிலங்கையின் தாய்வழி மரபு முஸ்லிம் பெண்ணுக்கு மதிப்பா, சுமையா என்பது தலைப்பு. சுமையே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய சகோதரர், "எங்கட ஊருல வீடும் வளவும் பொம்புளட பேருல. மாப்பிள்ளதான் பெட்டியத் தூக்கிட்டு வாறார்" என்றார். கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், அது பொய்யில்லை. அக்கரைப்பற்றில் பிறந்தவள் நான். மாமியார் வீட்டு அடுப்படியில் அழுத பெண்கள் எங்கள் தெருவில் குறைவு. பிணக்கு வந்தால் வெளியேற வேண்டியவர் மாப்பிள்ளைதான். அந்தப் பலத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் அந்த வீடு எப்படி வந்தது என்று சகோதரர் சொல்லவில்லையே!

நாங்கள் மூன்று பெண்கள். மூத்த ராத்தாவுக்கு நாங்கள் பிறந்த வீட்டையே எழுதினார்கள். உம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு பின்வளவு ஓலைக் கொட்டிலுக்குப் போனா. வாப்பா கத்தாருக்குப் போனார். கொட்டில் கல்வீடானது, அது சின்ன ராத்தாவுக்கு. உம்மா மறுபடியும் சட்டி பானையைத் தூக்கினா. என் வீட்டுக்குக் கொங்கிரீட் பிளேட் கூரை போட்டபோது வாப்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. கொங்கிரீட்டுக்குத் தண்ணீர் ஊற்ற வாளியோடு ஏணியில் ஏறுவார். ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்குவார். வாளி தளும்பித் தண்ணீர் அவர் சாரனில் கொட்டும். மூன்று வீடு கட்டிய அந்த மனிதருக்குச் சொந்தமாக ஒரு கூரை இருக்கவில்லை. மௌத்தானது என் விறாந்தையில்.

வீட்டோடு முடிந்ததா? பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் கைக்கூலி இருக்கிறது. 1951 ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்திலேயே அந்தச் சொல் ஏறியிருக்கிறது. பெண்களுக்கு மஹரை, அதாவது மணக்கொடையை, மனமுவந்து கொடுங்கள் என்று ஆண்களிடம் சொல்கிறது ஸூரா அந்நிஸாவின் 4 ஆம் வசனம். ராத்தாவுக்குக் கிடைத்த மஹர் 1,001 ரூபா. வாப்பா கொடுத்ததை நீங்களே கணக்குப் பாருங்கள்.

டொக்டர் மாப்பிள்ளை என்றால் மாடி வீடு கேட்பார்கள். ஓட்டு வீட்டுக்காரர் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க முடியாது. குடும்பத்தின் தரத்தை அளக்கும் கோலாகிவிட்டது வீடு. அதற்கு மேலே குடி, அதாவது வம்சக் கிளை. குடி தாய்வழியாகத்தான் இறங்குகிறது. அயலிலுள்ள தமிழ் மக்களிடமும் இந்த வழக்கம் உண்டு. ஆனால் அந்தக் குடியின் பிரதிநிதியான மரைக்காயராகப் பள்ளிவாசலில் போய் உட்கார்ந்தவர் எப்போதும் ஆண்தான். குடியைத் தருபவள் அவள், குடிக்காகப் பேசுபவர் அவர்.

ஒஸ்தா குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். நம் பிள்ளைகளுக்குச் சுன்னத்து வைத்தவர் ஒஸ்தா மாமா. பிரசவத்தில் கைகொடுத்தவர் ஒஸ்தா மாமி. தொழுகையில் தோளோடு தோள் நிற்போம். சம்பந்தம் என்று வந்தால் அந்த ஸப்பு, அந்த வரிசை, கலைந்துவிடும். அரபிக்கு அரபியல்லாத அஜமியை விட மேன்மையில்லை, இறையச்சமான தக்வாவைக் கொண்டே தவிர என்று இறுதிப் பேருரையில் சொன்ன நபிகளாரின் (ஸல்) உம்மத்து நாம்!

சகோதரர் வீட்டு உறுதிப் பத்திரத்தைக் காட்டினார். ஆம், ராத்தாவின் கல்யாண வாரத்தில் நொத்தாரிசு முன்னால் அவள் நன்கொடை உறுதியில் கையெழுத்து வைத்தாள். நாலு நாள் கழித்து நிக்காஹ். பதிவுப் புத்தகம் முன்விறாந்தையில் விரிந்தது. மாப்பிள்ளை கையெழுத்து வைத்தார். பெண்ணின் பொறுப்பாளரான வலியாக வாப்பா வைத்தார். ராத்தா உள்ளறையில் மருதோண்டிக் கையை மடியில் வைத்தபடி இருந்தாள். யாரும் பேனையை உள்ளே கொண்டுபோகவில்லை. சட்டம் அதைக் கேட்கவில்லை. சுவரையும் கூரையையும் ஏற்க அவள் கையெழுத்து வேண்டும், புருஷனை ஏற்க வேண்டாமா? நாளை பிணக்கென்று போனால் முஸ்லிம் விவாக வழக்கைத் தீர்க்கும் காதியாக இருப்பவரும் ஆண். பெண் அந்தக் கதிரையில் அமர 1951 சட்டம் இடம் வைக்கவில்லை. திருத்தங்களைப் பரிந்துரைக்க 2009 இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு அமைத்தார்கள். அறிக்கை கைக்கு வர 2018 ஆனது.

நடுவர் அவர்களே, போன மாதம் ராத்தா வீட்டுக்குப் போனேன். பின்வளவில் கயிறு பிடித்து அத்திவாரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மச்சான் கத்தாரில். ராத்தாவுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவளுக்கு வயது ஒன்பது.