வயலின் படித்துவிட்டு டாக்டர் ஆகலாமா? அமெரிக்க ப்ரீ-மெட் கணக்கு

அமெரிக்காவில் ஒரு பெண் நான்கு வருடம் காலேஜில் வயலின் படிக்கிறாள். டிகிரியும் சங்கீதத்தில்தான். அடுத்த வருடம் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு மெடிக்கல் காலேஜில் நிற்கிறாள். சிபாரிசு இல்லை, டொனேஷன் இல்லை. நூற்றுக்கு நூறு சட்டப்படி நடக்கிற விஷயம் இது. எப்படி?

வணக்கம். "பையன் ப்ரீ-மெட் படிக்கிறான்" என்று அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா போனில் சொன்னால், அது பிஎஸ்ஸி மாதிரி ஒரு டிகிரி என்று நாம் தலையாட்டிவிடுகிறோம். பெரும்பாலான காலேஜ்களில் அப்படி ஒரு டிகிரியே கிடையாது. ப்ரீ-மெட் என்பது டாக்டர் ஆகும் எண்ணம், அதற்காக எடுத்துப் படிக்கும் சில பாடங்கள், அவ்வளவுதான்.

பின்கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே பிளஸ் டூ முடித்ததும் நேராக எம்பிபிஎஸ் கிடையாது. முதலில் நான்கு வருட டிகிரி, எதில் வேண்டுமானாலும். நடுவில் எம்கேட் என்ற நுழைவுத் தேர்வு, 528-க்கு மார்க். அதன் பிறகு நான்கு வருடம் மெடிக்கல் காலேஜ்.

[திரையில்: பாடப் பட்டியல்]

டிகிரி எதுவாக இருந்தாலும் சில பாடங்களை முடித்திருக்க வேண்டும். பயாலஜி, ஜெனரல் கெமிஸ்ட்ரி, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், நான்கும் பொதுவாகத் தலா ஒரு வருடம், லேபோடு. பயோகெமிஸ்ட்ரி ஒரு செமஸ்டர். பல இடங்களில் இங்கிலீஷ், சில இடங்களில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ். 2015-இலிருந்து எம்கேட்டில் சைக்காலஜியும் சோஷியாலஜியும் வருவதால் அவற்றையும் எடுத்துவிடுகிறார்கள். காலேஜுக்குக் காலேஜ் கொஞ்சம் மாறும்.

சரி, இதில் எதை எப்போது எடுப்பது? என் அக்கா மகள் முதல் செமஸ்டருக்குப் போட்ட அட்டவணையைப் போன வருடம் எனக்கு அனுப்பினாள். அழகாக நிறம் தீட்டியிருந்தாள். ஜெனரல் கெமிஸ்ட்ரி மட்டும் இல்லை. "காலை எட்டு மணி லேப் மாமா, அடுத்த வருஷம் பார்த்துக்கிறேன்" என்றாள். அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ஜெனரல் கெமிஸ்ட்ரி ஒன்று, இரண்டு. அதை முடித்தால்தான் ஆர்கானிக் ஒன்று, இரண்டு. அதை முடித்தால்தான் பயோகெமிஸ்ட்ரி. ஐந்து செமஸ்டர், ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு. மூன்றாம் வருடம் டிசம்பரில் இது முடிந்தால், அதற்கடுத்த சில மாதங்களில் எம்கேட், கோடையில் விண்ணப்பம். முதல் பாடத்தை ஒரு வருடம் தள்ளினால் கடைசியில் மெடிக்கல் காலேஜே ஒரு வருடம் தள்ளிப்போகும், இல்லையென்றால் கோடை விடுமுறையைக் காவு கொடுக்க வேண்டும். பிசிக்ஸ், பயாலஜி, சைக்காலஜி எல்லாம் இடம் கிடைத்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். கெமிஸ்ட்ரி உட்காராது. அட்டவணை போடும்போது முதலில் எழுத வேண்டியது அந்த ஐந்து பெட்டிகளைத்தான். அக்கா மகள் இப்போது காலை ஏழரைக்கே லேப் வாசலில் நிற்கிறாள், முகத்தில் மட்டும் சிரிப்பில்லை.

[திரையில்: 1893, பால்டிமோர்]

இப்போது எனக்குப் பிடித்த பகுதி. இந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது? ஒரு பணக்காரப் பெண்மணியின் பிடிவாதம் இதில் பெரிய காரணம். பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மெடிக்கல் காலேஜ் தொடங்கப் பணம் இல்லை. ரயில்வே கம்பெனித் தலைவரின் மகள் மேரி எலிசபெத் காரெட் மூன்று லட்சம் டாலருக்கு மேல் தருகிறேன் என்றார். ஆனால் நிபந்தனைகள் உண்டு. பெண்களை ஆண்களுக்குச் சமமாகச் சேர்க்க வேண்டும். சேருகிறவர்கள் டிகிரி முடித்திருக்க வேண்டும், அறிவியல் படித்திருக்க வேண்டும், பிரெஞ்சும் ஜெர்மனும் தெரிந்திருக்க வேண்டும். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர்களைச் சேர்த்துக்கொண்ட மெடிக்கல் காலேஜ்கள் இருந்த காலம் அது! 1893-இல் காலேஜ் திறந்தது. அங்கே பேராசிரியராக இருந்த வில்லியம் ஆஸ்லர், நவீன மருத்துவத்தின் பெரிய தலை, சக பேராசிரியர் வெல்ச்சிடம் சொன்னாராம்: "நல்லவேளை, நாம் வாத்தியாராக உள்ளே வந்துவிட்டோம். மாணவராக வந்திருந்தால் நமக்கு இடம் கிடைத்திருக்காது." இதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது.

பிறகு ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் வருகிறார். டாக்டர் இல்லை, பள்ளிக்கூடம் நடத்தியவர். அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மெடிக்கல் காலேஜ்களை அலசி 1910-இல் அறிக்கை கொடுத்தார். ஹாப்கின்ஸ்தான் அவருக்கு அளவுகோல். பல காலேஜ்கள் மூடப்பட்டன. பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் நிலைத்தன. பிரெஞ்சும் ஜெர்மனும் காலப்போக்கில் கழன்றுகொண்டன.

அப்போ ஆர்கானிக் கெமிஸ்ட்ரி உண்மையிலேயே தேவையா? நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மெடிக்கல் காலேஜ் 1987-இல் ஒரு சோதனை தொடங்கியது. இலக்கியம், வரலாறு படிக்கும் பிள்ளைகளை எம்கேட் இல்லாமல், முழு வருட ஆர்கானிக் இல்லாமல் சேர்த்துக்கொண்டது. 2010-இல் கணக்குப் பார்த்தால், அவர்கள் மற்ற மாணவர்களுக்கு ஏறக்குறைய சமமாகவே படித்திருந்தார்கள். என் கட்சி இதுதான்: ஆர்கானிக் பெரும்பாலும் மாணவர்களைக் களையெடுக்கும் வகுப்பு. திட்ட நினைக்கும் டாக்டர்கள் கீழே வந்து திட்டுங்கள்.

ஆனாலும் அதில் அலட்சியம் வேண்டாம். நம்மூரில் அரியரைக் கிளியர் பண்ணினால் பழைய மார்க்கை யாரும் கேட்பதில்லை. அங்கே எம்டி (நம்மூர் எம்பிபிஎஸ் மாதிரி, மேல்படிப்பு இல்லை) படிப்புக்கான பொது விண்ணப்பத்தில், திரும்பப் படித்த பாடத்தின் பழைய கிரேடு, புதிய கிரேடு இரண்டும் சராசரியில் ஏறும். சி வாங்கிய ஆர்கானிக்கில் அடுத்த வருடம் ஏ வாங்கினாலும் அந்த சி போகாது. தடுமாறுகிற செமஸ்டரில் பிசிக்ஸையும் ஆர்கானிக்கையும் ஒன்றாகப் போடாதீர்கள்.

பள்ளியிலேயே ஏபி என்ற காலேஜ் தரத் தேர்வு எழுதி கெமிஸ்ட்ரி கிரெடிட் வாங்கிவிட்டோம் என்று குதிக்காதீர்கள், பல மெடிக்கல் காலேஜ்கள் அதற்குப் பதில் மேல்நிலை வகுப்பு ஒன்றைக் கேட்கும். மாணவர் விசாவில் இருப்பவர்கள் இன்னும் கவனம்: வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் மெடிக்கல் காலேஜ்கள் குறைவு. பாடம் தேர்ந்தெடுக்கும் முன்பே அந்தக் காலேஜ்களின் பட்டியலை எடுத்துவிடுங்கள்.

டிகிரி மட்டும் உங்கள் இஷ்டம். பக்கத்து வீட்டுப் பையன் பயாலஜி எடுத்தான் என்று நீங்களும் எடுக்காதீர்கள். பிடித்த பாடத்தில் நல்ல கிரேடு தானாக வரும். உங்கள் அட்டவணையில் அந்த ஐந்து கெமிஸ்ட்ரி பெட்டிகள் எந்தெந்த செமஸ்டரில் விழுகின்றன என்று கமெண்டில் போடுங்கள், இடித்தால் சொல்கிறேன். காலை எட்டு மணி லேப் புலம்பலும் அங்கேயே.