மலையை விலைக்கு வாங்கிய கவர்னர்

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் அரிசி ஆலை ஐயா அவர்களே, இந்தக் கோடையிலும் சால்வை போர்த்தி என்னை வேர்க்க வைத்த வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்துவிட்ட முன்னாள் தலைமையாசிரியர் அவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கவர்னராக இருந்த பெர்சிவல் பாக்ஸ்டர் பற்றி மூன்று செய்திகள் சொல்கிறேன்: மலை, நாய், மின்சாரம். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று நான் எல்லா மேடையிலும் சொல்வேன். அதற்கு இவரைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

1876-ல் போர்ட்லாந்தில் பிறந்தவர். அப்பா மக்காச்சோளத்தை டப்பாவில் அடைத்து விற்றுச் செல்வம் சேர்த்தவர், அந்த ஊர் மேயர். மகன் சொத்துகளைக் கவனித்துக்கொண்டே அரசியலுக்கு வந்தார். 1921-ல் கவர்னர் இறந்துபோக, மேலவைத் தலைவராக இருந்த இவருக்கு அந்த நாற்காலி வந்தது.

முதலில் நாயைச் சொல்லிவிடுகிறேன். பெயர் கேரி. ஐரிஷ் செட்டர் வகை, செம்பட்டை முடி. கவர்னர் அலுவலகத்துக்கும் கூடவே வரும். 1923-ல் அது செத்துப்போனது. இவர் என்ன செய்தார் தெரியுமா? தலைநகர் அகஸ்டாவில் அரசு மாளிகைக் கொடியை அரைக்கம்பத்தில் இறக்கச் சொல்லிவிட்டார்! தெருவில் போகிறவன் அண்ணாந்து பார்த்து, "யாரப்பா போயிட்டாங்க?" என்று கேட்டிருப்பான் இல்லையா? "கவர்னர் வீட்டு நாய்" என்றால் அவன் முகம் எப்படி ஆகியிருக்கும்! முன்னாள் படைவீரர்கள் கொதித்துவிட்டார்கள். போரில் செத்தவனுக்கு இறக்கும் கொடி நாய்க்குமா என்று கேட்டார்கள். அவர்கள் கோபம் நியாயம்தான். ஆனால் இவர் பின்வாங்கவில்லை. பிற்பாடு மேக்வர்த் தீவை மாநிலத்துக்குக் கொடுத்தபோதும், அங்கே புதைத்த தன் நாய்களின் கல்லறையைப் பராமரிக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்.

சரி, மலை. கட்டாடின், 5,200 அடிக்கு மேல். அதைப் பொதுப் பூங்காவாக்கச் சொன்னார், சட்டமன்றம் மறுத்தது. பதவி போன பிறகு, 1930-ல், காகிதக் கம்பெனியிடமிருந்து ஏறக்குறைய 6,000 ஏக்கரைச் சொந்தப் பணம் 25,000 டாலர் கொடுத்து வாங்கி மாநிலத்துக்கே தந்தார். அதோடு விட்டாரா? 1962 வரை துண்டு துண்டாக வாங்கி வாங்கி, 2,00,000 ஏக்கருக்கு மேல் கொடுத்தார். அடிமேல் அடி! அம்மி கிடக்கட்டும், மலையே கைமாறியது.

தானப் பத்திரத்தில் அவர் எழுதியதைக் கவனியுங்கள்: என்றைக்கும் காடாகவே விட வேண்டும், விலங்குக்கும் பறவைக்கும் அடைக்கலமாக இருக்க வேண்டும். எழுத்தில், ஐயா! நம் ஏரிக்கரைப் புறம்போக்கில் கடைகள் வராது என்று வாயால் சொன்னவர்கள் எத்தனை பேர்? எழுதித் தந்தவர் ஒருவர் உண்டா? கிராம சபையில் தீர்மானமாக ஏற வேண்டும் என்று நான்கு வருடமாக மனு கொடுக்கிறேன். இதுவரை பதினொரு மனு. அம்மி நகரும்.

மின்சாரம்... தலைவர் மணியடித்துவிட்டார். தண்ணீரிலிருந்து எடுக்கும் மின்சாரம் மக்களுக்கே என்று அவர் போராடினார், அவ்வளவுதான் இன்றைக்கு. ஏரிக்கரை மனுவுக்கான கையெழுத்து நோட்டு வாசலில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேனாவை நூலில் கட்டியிருக்கிறோம். நன்றி, வணக்கம்.