ஹீத்கிளிஃப் பழி தீர்த்த விதம்

வணக்கம் நேயர்களே. ஹீத்கிளிஃப் என்றால் பலருக்கும் காதல்தான் நினைவுக்கு வரும். காற்று வீசும் மேட்டு நிலத்தில் நின்று, செத்துப்போன காதலியின் பெயரைச் சொல்லிக் கதறுகிற ஆள். திரைப்படங்கள் நம்மை அப்படிப் பழக்கிவிட்டன. நான் 'வதரிங் ஹைட்ஸ்' நாவலை ரொம்ப காலமாக வேறு மாதிரிதான் படித்து வருகிறேன். 1847 டிசம்பரில், எல்லிஸ் பெல் என்ற புனைபெயரில், எமிலி பிராண்டே வெளியிட்ட நாவல் அது. எனக்கு அது ஒரு வேலைக்காரப் பையனின் கதை. காதலைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள், இன்றைக்கு அதை விட்டுவிடலாம்.

கதை தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் எர்ன்ஷா என்றொரு பண்ணைக்காரர். லிவர்பூலுக்கு அறுபது மைல் நடந்தே போகிறார், நடந்தே திரும்புகிறார். மகன் ஹிண்ட்லி பிடில் கேட்டிருந்தான், மகள் கேத்தரின் சாட்டை கேட்டிருந்தாள். அப்பா கோட்டைத் திறந்தால் உள்ளே ஒரு அழுக்குப் பையன். தெருவில் பசியோடு கிடந்தானாம். பிடில் நொறுங்கிவிட்டது, சாட்டை வழியில் தொலைந்துவிட்டது. ஹிண்ட்லியின் வெறுப்பு அந்த ராத்திரியே ஆரம்பித்துவிட்டது.

பையனுக்கு, முன்பு இறந்துபோன ஒரு மகனின் பெயரை வைக்கிறார்கள். ஹீத்கிளிஃப். முதற்பெயரும் அதுதான், குடும்பப் பெயரும் அதுதான். கறுத்த நிறம். பக்கத்து எஸ்டேட் லிண்டன் துரை அவனைப் பார்த்துவிட்டு, லஸ்காராக இருக்குமோ என்கிறார். லஸ்கார் என்றால் அந்தக் காலக் கப்பல்களில் வேலை பார்த்த நம் பக்கத்து மாலுமி. அடிமை வியாபாரக் கப்பல்கள் கிளம்பிய துறைமுகம் லிவர்பூல், அதையும் மறக்கக் கூடாது. ஆனால் அவன் யார் என்று எமிலி கடைசிவரை சொல்லவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஹிண்ட்லி அவனை அடித்தான், இரும்பு எடைக்கல்லைத் தூக்கி நெஞ்சில் எறிந்தான். எல்லாம் உண்மை. ஆனால் பெரிய கொடுமை அதுவல்ல என்பது என் கட்சி. பெரியவர் இறந்ததும் ஹிண்ட்லி முதலாளி ஆகிறான். ஹீத்கிளிஃபை வீட்டு மனிதர்களோடு சேர விடாமல் வேலைக்காரர்கள் பக்கம் தள்ளுகிறான். பாதிரியாரிடம் படித்துக்கொண்டிருந்த படிப்பை நிறுத்துகிறான். மற்ற பண்ணையாட்களைப் போல நாள் முழுக்க வெளியே வேலை. கேத்தரினுக்குச் சமமாகப் படிக்க அவன் கொஞ்ச காலம் முட்டி மோதிப் பார்க்கிறான், அப்புறம் வாயைத் திறக்காமல் விட்டுவிடுகிறான். அடி ஆறிவிடும், இது ஆறவில்லை.

ஒரு கிறிஸ்துமஸ் நாளில் அவனை மாடி அறையில் பூட்டி வைக்கிறார்கள். அன்று இரவு அடுப்படியில், முழங்காலில் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருக்கிறான். என்ன யோசனை என்று வீட்டு வேலைக்காரி நெல்லி கேட்கிறாள். ஹிண்ட்லிக்கு எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று யோசிக்கிறேன், எத்தனை நாள் ஆனாலும் சரி என்கிறான். தண்டிப்பது கடவுள் வேலை என்கிறாள். எனக்குக் கிடைக்கும் திருப்தி கடவுளுக்குக் கிடைக்காது என்கிறான், அந்தச் சின்னப் பையன்.

பிறகு வீட்டை விட்டு ஓடி, மூன்று வருடம் கழித்துப் பணத்தோடு வருகிறான். ஹிண்ட்லியைச் சூதாட விட்டு நிலத்தை எல்லாம் அடமானம் வாங்கிவிடுகிறான். ஹிண்ட்லி குடித்தே சாகிறான். கணக்கு அத்தோடு தீர்ந்திருக்கலாம். தீரவில்லை, ஏனென்றால் ஹிண்ட்லிக்கு ஹேர்ட்டன் என்று ஆறு வயதில் ஒரு மகன் இருக்கிறான். அவனைத் தூக்கி மேசைமேல் வைத்து ஹீத்கிளிஃப் சொல்வது ஏறக்குறைய இதுதான்: இனி நீ என்னுடையவன், அதே காற்று முறுக்கினால் இந்த மரமும் அதேபோலக் கோணலாக வளராதா, பார்த்துவிடலாம்.

அடிப்பதில்லை, நேயர்களே. இதை இன்னொரு முறை சொல்கிறேன், அவன் ஹேர்ட்டனை அடித்து வளர்க்கவில்லை. எழுத்து சொல்லித் தராமல் விட்டான், அவ்வளவுதான். வாரிசு தன் சொந்த வீட்டிலேயே சம்பளமில்லாத வேலையாள். எதைப் பிடுங்கினால் மனிதன் எழுந்திருக்க மாட்டான் என்று ஹீத்கிளிஃபுக்குத் தெரியும், தன்னிடமிருந்து பிடுங்கியதைத்தானே வட்டியும் முதலுமாகத் திருப்பித் தருகிறான்.

எனக்கு மிகவும் பிடித்த இடம், அல்லது மிகவும் வலிக்கிற இடம், இனிதான் வருகிறது. அந்த வீட்டு வாசலுக்கு மேலே கல்லில் ஒரு பெயர் செதுக்கியிருக்கிறது: ஹேர்ட்டன் எர்ன்ஷா, 1500. மூதாதையின் பெயர், இவன் பெயரும் அதுதான். இருபதைத் தாண்டிய வாலிபனிடம், அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று இளைய கேத்தரின், அதாவது பழைய கேத்தரினின் மகள், கேட்கிறாள். ஹேர்ட்டன் அண்ணாந்து பார்த்துத் தலையைச் சொறிகிறான். ஏதோ பாழாய்ப்போன எழுத்து, எனக்குப் படிக்கத் தெரியாது என்கிறான். தினமும் தன் பெயருக்குக் கீழேதான் போய் வருகிறான்! என்னால் படிக்க முடிகிறதே என்கிறாள் கேத்தரின். கூட நிற்கிற லிண்டன், ஹீத்கிளிஃபின் மகன், சிரிக்கிறான். கொஞ்ச நாள் கழித்து ஹேர்ட்டன் அவளிடம் ஓடி வந்து, இப்போது எனக்கு அது படிக்க வருகிறது என்று பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்கிறான். சரி, எண்கள்? அவை இன்னும் வரவில்லை. அவளும் சிரித்துவிடுகிறாள். வேலைக்காரனாக வளர்த்தவன் ஒருவன், அதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் வேறு ஆட்கள்.

1939-ல் வந்த ஹாலிவுட் படம் இந்த இரண்டாம் தலைமுறையையே வெட்டிவிட்டது. ஹேர்ட்டனை எடுத்துவிட்டால் ஹீத்கிளிஃப் வெறும் காதலன்தான்.

கடைசியில் இளைய கேத்தரினே ஹேர்ட்டனுக்குப் புத்தகம் சொல்லித் தருகிறாள். இருவரும் குனிந்து படிப்பதைப் பார்த்த ஹீத்கிளிஃப், ஹேர்ட்டன் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, திறந்திருந்த பக்கத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திருப்பித் தருகிறான். எர்ன்ஷா வீடு, லிண்டன் வீடு இரண்டையும் இடிக்கக் கடப்பாரை தயார், ஆனால் கூரையிலிருந்து ஓர் ஓட்டைப் பிரிக்கக்கூட மனமில்லை என்று நெல்லியிடம் சொல்கிறான். அவன் செத்தபோது இரவெல்லாம் பிணத்தருகே உட்கார்ந்து அழுதது ஹேர்ட்டன்.

நெல்லியைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், நேரம் முடிந்ததாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும். இந்தக் கதையில் பெரும்பகுதியைச் சொல்கிறவள் அந்த வேலைக்காரி. முதல் ராத்திரி அந்தப் பையனை, காலைக்குள் எங்காவது போய்விடுவான் என்று மாடிப்படி முகப்பில் விட்டவளும் அவளேதான். எஜமானர்கள் மட்டும்தான் கொடுமை செய்தார்கள் என்று இந்த நாவலைப் படிக்க முடியாது. வணக்கம்.