ஷாம்பெய்ன் வரியில் எழுந்த வீடுகள்

வீட்டு வாடகை பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நான் ஒரே ஒரு ஊரை எடுத்துக்கொள்கிறேன். ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னா. அங்கே ஏறக்குறைய 2,20,000 வீடுகளுக்கு மாநகராட்சிதான் சொந்தக்காரர். இதைச் சொன்னால் எத்தனை மாடி, எத்தனை சதுர அடி என்றுதான் பலரும் கேட்கிறார்கள். எனக்கு யார் பணத்தில் கட்டினார்கள் என்பதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

முதல் உலகப் போர் முடிந்த நேரத்தில் ஒரே கட்டிலைப் பகலில் ஒருவர், இரவில் ஒருவர் என்று வாடகை கொடுத்துத் தூங்கிய ஊர் அது. காசநோய்க்கே ‘வியன்னா நோய்’ என்று பெயர் வந்துவிட்டது. போருக்கு நடுவே, 1917-இல், வாடகையை ஏற்றக் கூடாது என்று அரசு தடை போட்டது. அப்புறம் வந்த பணவீக்கத்தில் வாடகை என்பது சில்லறைக் காசாகிப் போனது. குடியிருந்தவர்கள் பிழைத்தார்கள். ஆனால் புதிதாக வீடு கட்டத் தனியார் யாரும் முன்வரவில்லை. வாடகைக் கட்டுப்பாட்டை ஆதரிக்கும் நண்பர்கள் இந்த இரண்டாவது பாதியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

1919 தேர்தலில் சமூக ஜனநாயகக் கட்சி மாநகராட்சியைப் பிடித்தது. 1922-இல் வியன்னா தனி மாநிலமானது. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டுவசதி வாரியம் மாநில அரசின் கையில் இருக்கிறது. வியன்னாவிலோ மாநகராட்சியே மாநில அரசும் ஆகிவிட்டது. சொந்தமாக வரி போடும் அதிகாரம் அதனால்தான் கிடைத்தது.

அந்த அதிகாரத்தைக் கையாண்டவர், மாநகராட்சியின் நிதிப் பொறுப்பில் இருந்த ஹூகோ பிரைட்னர். அரசியலுக்கு வருமுன் வங்கி இயக்குநர். கணக்கு தெரிந்த மனிதர். ஷாம்பெய்ன் என்ற விலை உயர்ந்த மதுவுக்கு வரி, காருக்கு வரி, பந்தயக் குதிரைக்கு வரி. வீட்டில் வேலைக்காரர் ஒருவர் இருந்தால் வரி கிடையாது. இரண்டாமவர் வந்தால் உண்டு, ஆள் கூடக்கூட அதுவும் ஏறும். 1923-இல் வீடு கட்டுவதற்கென்றே தனி வரி வந்தது. எல்லோரும் கட்ட வேண்டும்தான், ஆனால் சிறிய வீட்டுக்குச் சொற்பம், மாளிகைக்கு மிக அதிகம். விலை உயர்ந்த அரை சதவீதச் சொத்துகளிலிருந்தே அந்த வரியில் 40 சதவீதத்துக்கு மேல் வந்தது. பணக்காரர்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள், கேட்கவா வேண்டும்!

வரிப்பணத்தில் கட்டியதில் ஒரு பெரிய வசதி இருந்தது. கடன் வாங்கிக் கட்டினால் வட்டி வாடகையில் ஏறும். இங்கே கடனும் இல்லை, வட்டியும் இல்லை. பராமரிப்புச் செலவுக்கு மட்டும் வாடகை வாங்கினால் போதும். தொழிலாளியின் கூலியில் 4 சதவீத அளவில்தான் வாடகை இருந்தது. மிச்சப் பணம் சாப்பாட்டுக்கும் பிள்ளைகளுக்கும் போனது. குறைந்த வாடகை என்பது கூலி உயர்வுக்குச் சமம் என்று நான் சொல்வது இதனால்தான். சரி, வாடகை குறைந்ததால் முதலாளிகள் கூலியைக் குறைவாகவே வைத்துக்கொண்டார்கள் என்ற குற்றச்சாட்டும் அன்றைக்கே எழுந்தது. அதிலும் உண்மை இருக்கிறது.

பத்துப் பதினோரு ஆண்டுகளில் 60,000-க்கு மேல் வீடுகள் எழுந்தன. சின்ன வீடுகள்தான், பல 38 சதுர மீட்டர். ஆனால் குழாயும் கழிப்பறையும் வீட்டுக்குள்ளேயே. 1930-இல் திறந்த கார்ல் மார்க்ஸ் ஹோஃப் என்ற குடியிருப்பு வளாகம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம். 1,382 வீடுகள், சலவைக்கூடம், குளியலறைகள், மழலையர் பள்ளி, நூலகம். 1934 பிப்ரவரியில் உள்நாட்டுச் சண்டையின்போது ராணுவம் அதன் மீது பீரங்கியால் சுட்டது. 1938-இல் நாஜிகள் வந்தபோது, இதே மாநகராட்சி வீடுகளிலிருந்து யூதக் குடும்பங்களை வெளியேற்றினார்கள். அரசே வீட்டுக்காரராக இருந்தால் ஆட்சி மாறும்போது என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லாமல் தட்டிக்கழிக்க முடியாது.

இன்றைக்கு வருவோம். மாநகராட்சி வீடுகளோடு, வரம்புக்குட்பட்ட லாபத்தில் இயங்கும் வீட்டுச் சங்கங்களின் வீடுகளையும் சேர்த்தால் நகர மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அவற்றில்தான் இருக்கிறார்கள். ஏழைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கவில்லை. வருமான உச்சவரம்பு நான்கில் மூன்று பங்கு மக்களுக்குப் பொருந்தும் அளவுக்கு உயரமாக இருக்கிறது. உள்ளே போனபின் சம்பளம் கூடினாலும் வெளியே போகச் சொல்ல மாட்டார்கள். வசதியானவர்கள் வீட்டை விடுவதில்லை என்று விமர்சனம் வருகிறது. நான் அந்த விதியின் பக்கம்தான். ஆசிரியரும் பேருந்து ஓட்டுநரும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கும் இடத்தை யாரும் சேரி என்று ஒதுக்க முடியாது.

நிலத்தையும் அவர்கள் விடவில்லை. 1984-இல் தொடங்கிய மாநகராட்சி நிதியம் ஒன்று மனைகளை முன்கூட்டியே வாங்கி வைக்கிறது. 2019 முதல், புதிதாகக் குடியிருப்பாக அறிவிக்கும் பெரிய மனைகளில் மூன்றில் இரண்டு பங்கு மானிய வீடுகளுக்கு. அதற்கான நில விலைக்கும் உச்சவரம்பு உண்டு. வாடகை தவிர்த்த குடும்பச் செலவிலும் கைவைத்தார்கள். 2009-இல் மழலையர் பள்ளிக் கட்டணத்தை நீக்கினார்கள். 2012-இல் ஆண்டு முழுவதற்கான போக்குவரத்துச் சீட்டை 365 யூரோ ஆக்கினார்கள். பல ஆண்டுகள் அந்த விலை நின்றது.

ஓட்டை எங்கே? மாநகராட்சி வீடு கேட்க, ஊரில் இரண்டு ஆண்டாவது பதிவுசெய்து வாழ்ந்திருக்க வேண்டும். அதுவரை புதிதாக வந்தவர்களுக்குப் பெரும்பாலும் தனியார் வீடுதான், அதுவும் சில ஆண்டுக் கெடுவில், அதிக வாடகையில். 2004-க்குப் பிறகு மாநகராட்சி தானே கட்டுவதையும் நிறுத்தியிருந்தது. மறுபடி கட்டிய முதல் வளாகத்துக்கு 2019-இல்தான் ஆட்கள் குடிவந்தார்கள். இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் ஊரின் மக்கள்தொகையோ வளர்ந்துகொண்டே போனது.