அசைய மறுக்கும் பலகை

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டின் வெளிச்சுவருக்கு வினைல் சைடிங், அதாவது சுவரை மூடும் பிளாஸ்டிக் பலகைகள், போட்டு முடித்து, ஒப்பந்தக்காரர் ஏணியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பணத்தை எடுக்க உள்ளே போகுமுன் ஒரு பலகையின் மேல் உள்ளங்கையை வைத்து இடமும் வலமுமாகத் தள்ளிப் பாருங்கள். அது சற்றே நகர வேண்டும். நகரவில்லையா? பணத்தை எடுக்காதீர்கள்.

இறுக்கமாக அடித்திருப்பது நல்லதுதானே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிறர் வீடுகளை ஆய்வு செய்து குறை எழுதித் தருவது என் தொழில். ஆனால் என் வீட்டு வேலை நடந்தபோது நான் வெளியூரில் இருந்தேன். திரும்பி வந்தால் சுவர் பளிச்சென்று நேராக நின்றது. கையை வைத்துக்கூடப் பார்க்காமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டேன். கோடை பிறந்ததும் மேற்குச் சுவர் பிற்பகல்தோறும் அலையலையாகப் புடைக்கத் தொடங்கியது. இருட்டியதும் மெல்ல அடங்கும். மறுநாள் மறுபடியும் புடைக்கும்.

வினைல் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். 12 அடிப் பலகை ஒன்று கடுங்குளிருக்கும் கடும்வெயிலுக்கும் இடையில் அரை அங்குலம், சில சமயம் அதற்கு மேலும் நீளும். அதனால்தான் அதன் ஆணித்துளைகள் வட்டமாக இல்லாமல் நீண்டு இருக்கின்றன. ஆணி துளையின் நடுவில் இறங்க வேண்டும். ஆணித்தலைக்கும் பலகைக்கும் இடையே ஒரு நாணயத்தின் தடிமன் அளவு இடம் விட வேண்டும். பலகையின் முனை மூலைப்பட்டைக்குள் முட்டி நிற்காமல் கால் அங்குலம் விலகியிருக்க வேண்டும்; குளிர்காலத்தில் போட்டால் இன்னும் கொஞ்சம். சொல்லப்போனால் பலகையை யாரும் சுவரில் அறைவதில்லை, சட்டையை மாட்டுவது போல மாட்டுகிறார்கள்.

அலை கண்ணை மட்டும்தான் உறுத்தும். எனக்கு அச்சமூட்டுவது தண்ணீர். சைடிங் மழையை முழுதாகத் தடுத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். தடுக்காது. ஓரளவு நீர் அதன் பின்னால் இறங்கத்தான் செய்யும். அதை வெளியே அனுப்புவது உள்ளிருக்கும் நீர்த்தடுப்புத் தாளும் சன்னல் தலைக்கு மேலுள்ள தகடும். கூரை ஓடு வேய்வதைப் போல மேலுள்ளது கீழுள்ளதன் மீது ஏற வேண்டும். மாற்றிப் போட்டால் மழைநீர் நேரே சுவரின் மரச்சட்டத்துக்குள் போகும். மேலே பலகை மூடியிருப்பதால் உள்ளே மரம் உளுத்துக்கொண்டிருப்பது வெகுநாள் தெரியாது.

குறை சொன்னதும் பெரும்பாலும் ஒருவர் சீலண்ட் (இடைவெளி அடைக்கும் பசை) குழாயோடு வந்து நிற்பார், இடுக்குகளில் பூசிவிட்டுப் போக. அவரைத் தேநீர் கொடுத்துத் திருப்பி அனுப்புங்கள். பலகையின் அடியிலுள்ள சிறு துளைகள் நீர் வடிவதற்கானவை; அவற்றை அடைத்தால் நீர் உள்ளேயே தங்கும். முனைகளில் பூசினால் பலகை நகர முடியாமல் மறுபடியும் புடைக்கும்.

அப்படியானால் எப்படிப் பேசுவது? "அசிங்கமாக இருக்கிறது" என்று சொல்லாதீர்கள். உடனே அது ரசனைச் சண்டையாகிவிடும், அதில் ஒப்பந்தக்காரர்கள் பழுத்த அனுபவசாலிகள். பலகையைத் தயாரித்த நிறுவனத்தின் பொருத்தல் கையேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். "கையேடு கால் அங்குலம் விடச் சொல்கிறது, இங்கே ஒரு தாள்கூட நுழையவில்லை" என்று அளவுகோலை வைத்துப் படமெடுத்து, தேதியிட்டு, எழுத்தில் அனுப்புங்கள். சரிசெய்ய நியாயமான கெடுவும் கொடுங்கள். தயாரிப்பாளரின் உத்தரவாதம் பொதுவாகப் பலகைக்குத்தான். தவறாகப் பொருத்தியதற்கு அவர்கள் பொறுப்பேற்க மாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கோபத்தில் வேறொருவரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் பிடுங்கச் சொல்வதுதான் நான் அடிக்கடி பார்க்கும் பிழை. பிடுங்கிய கணமே சான்று போய்விடும். "எனக்கு வாய்ப்பே தரவில்லை" என்று முதலாமவர் சொல்லவும் இடம் கிடைக்கும். அவர் மறுத்தால் முதலில் வேலைக்குத் தொடர்பில்லாத ஓர் ஆய்வாளரின் அறிக்கையை வாங்குங்கள். தொடக்கத்தில் பணத்தை எடுக்காதீர்கள் என்றேனே, அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: வேலை தொடங்குமுன் ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டால் அது உங்கள் உரிமை. எழுதாமல் நிறுத்தினால் நீங்களே தவணை தவறியவராகலாம்.

என் வீட்டு ஒப்பந்தக்காரருக்கு நானும் இப்படித்தான் எழுதினேன்; மூன்றாவது வாரம் பதில் வந்தது. பலகையைக் கழற்றினால் உடைந்துவிடும் என்றார் அவர். உறையும் குளிரில் அது உண்மைதான், வினைல் நொறுங்கும். ஆனால் நாங்கள் பேசியது கோடையில். பூட்டிய பலகையைக் கொக்கி போன்ற ஒரு சிறு கருவியால் விலக்கலாம், அந்தக் கருவி அவர் பையிலேயே இருந்தது. திறக்கும்போது நான் படக்கருவியோடு பக்கத்தில் நின்றேன். சமையலறைச் சன்னலுக்கு மேல் தகடு என்று ஒன்றே இல்லை. மரம் கறுத்து, தொட்டால் ஈரமாக இருந்தது. அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் ஒன்றும் சொல்லாமல் ஏணியிலிருந்து இறங்கி, வண்டிக்குப் போய்த் தகட்டை எடுத்து வந்தார்.