ட்ரம்பெட் பிடித்த கை

விழாத் தலைவர் அவர்களே, வேலைக்கு நடுவிலும் வந்திருக்கிற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் அம்மா அவர்களே, எனக்கு முன்னால் பேசி எனக்குப் பத்தே நிமிடம் மிச்சம் வைத்திருக்கிற கவுன்சிலர் அவர்களே, இன்னமும் மைக்கோடு மல்லுக்கட்டும் தம்பி, எல்லோருக்கும் வணக்கம்.

பிரிட்டனின் ஜாஸ் கலைஞர் ஹம்ஃப்ரி லிட்டல்டனின் ட்ரம்பெட் வாசிப்பு, வானொலி, கையெழுத்து என்று மூன்றைப் பற்றியும் பேசுவதாக நோட்டீஸில் போட்டிருக்கிறது. சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம் என்பார்களே, மனிதர் அதற்கு ஆள் வடிவம்.

1921இல் இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளியில் பிறந்தார். அப்பா அங்கே ஆசிரியர். 1936இல் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் ஈட்டனும் ஹாரோ பள்ளியும் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்க, பையன் நழுவிப்போய் ஒரு ட்ரம்பெட் வாங்கிவிட்டான். ஊதி ஊதித் தானே பழகியது. இது உதட்டுப்பழக்கம்!

அப்புறம் போர். ராணுவ அதிகாரியானார். 1945 மே 8, ஐரோப்பாவில் சண்டை ஓய்ந்த நாள். பக்கிங்ஹாம் அரண்மனைப் பக்கம் லண்டனே திரண்டு நிற்கிறது. நம்மவர் சும்மா இருப்பாரா? நாம் மணலும் செங்கலும் ஏற்றுவோமே, அந்த மாதிரி ஒரு தள்ளுவண்டி. அதில் ஏறிக்கொண்டு ட்ரம்பெட் ஊதுகிறார்! குதிரை இல்லை, தேர் இல்லை, தள்ளுவண்டியில் பவனி! கூட்டத்தின் ஆரவாரத்தைப் பதிவுசெய்ய வந்த பிபிசியின் மைக்கில் இந்த ஊதலும் விழுந்துவிட்டது. அவரே அறியாமல் நடந்த முதல் ஒலிபரப்பு அது. அந்தப் பதிவு இன்றும் இருக்கிறது. (தம்பி, நீயும் அந்த மாதிரி ஒரு மைக் வாங்கப்பா.)

1956இல் அவருடைய 'பேட் பென்னி புளூஸ்' இசைத்தட்டு பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதல் இருபதுக்குள் வந்தது. வானொலியில் 1967 முதல் 2008 வரை ஜாஸ் நிகழ்ச்சி, 1972 முதல் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி. இரண்டையும் விரிவாகச் சொல்ல வேண்டும். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், சரி, விடுகிறேன்.

கையெழுத்தை மட்டும் விட மாட்டேன். நாளிதழில் கார்ட்டூன் போட்ட கை அது. சித்திரமும் கைப்பழக்கம்! சாய்வெழுத்துக்காகவே, அதாவது பட்டை நிப்பில் எழுதும் இட்டாலிக் கையெழுத்துக்காகவே, அங்கே ஒரு சங்கம். அதற்கு இவர் தலைவராக இருந்தார். ராத்திரி மேடையில் ட்ரம்பெட், பகலில் பட்டை நிப்பு. இங்கே? போன வாரம் என் பேத்தி எழுதிய லீவ் லெட்டரில் 'ண'வுக்கு எத்தனை சுழி என்று எண்ணவே முடியவில்லை. தலைமையாசிரியர் ஐயா, வாரத்தில் ஒரு பீரியட் கொடுங்கள். இரட்டைக்கோடு நோட்டும் மைப்பேனாவும் நாங்கள் வாங்கித் தருகிறோம்.

வாசலில் மேசை போட்டிருக்கிறோம். கையெழுத்து இயக்கம், ஆண்டுச் சந்தா இருபது ரூபாய். பெயரை நீங்களே எழுத வேண்டும், கவுன்சிலர் ஐயா உட்பட.