42ஆம் தெருவின் பங்காளிச் சண்டை

[திரையில்: 1930களின் நியூயார்க், 42ஆம் தெரு, எதிரெதிரே ஒளிரும் இரண்டு பெயர்ப்பலகைகள்]

நகைச்சுவைத் துணுக்கு, கேலிப் பாட்டு, நடுநடுவே ஆடை களையும் நடனம் என்று கலந்து நடத்தப்பட்ட மேடைநிகழ்ச்சிக்கு அமெரிக்காவில் பர்லெஸ்க் என்று பெயர். அதை நடத்தியவர்களுள் மின்ஸ்கி சகோதரர்கள் நால்வர் புகழ்பெற்றவர்கள்: ஏப், பில்லி, ஹெர்பர்ட், மார்ட்டன். நியூயார்க்கின் ஹூஸ்டன் தெருக் கட்டடமொன்றின் மேல்மாடியில் இருந்த நேஷனல் வின்டர் கார்டன் அரங்கில் அவர்கள் தொழில் தொடங்கினர். பார்வையாளர்களுக்கு நடுவே நீளும் நடைமேடையைப் பாரிஸில் பார்த்துவந்து அங்கே அமைத்தவர் மூத்தவரான ஏப். காவல்துறையினர் நுழைவதை டிக்கெட் கூண்டில் இருப்பவர் கண்டதும் மேடையின் முன்விளிம்பில் சிவப்பு விளக்கு எரியும். அந்தக் கணமே மேடையில் இருப்பவர்கள் எல்லாரும் ஒழுக்கசீலர்களாகி விடுவார்கள்.

[திரையில்: ரிபப்ளிக் அரங்கின் முகப்பு]

பொருளாதாரப் பெருமந்தத்தால் நகரின் நாடக மையமான பிராட்வே அரங்குகள் ஆளின்றிக் கிடந்த 1931இல், பில்லி 42ஆம் தெருவின் ரிபப்ளிக் அரங்கைக் குத்தகைக்கு எடுத்தார். அதே ஆண்டில் சாலையின் மறுபக்கத்து எல்டிஞ்ச் அரங்கை மேக்ஸ் ரட்னிக் எடுத்து, அங்கும் பர்லெஸ்க் நடத்தினார்.

இந்தப் போட்டியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. நகைச்சுவைத் துணுக்குகள் எவருக்கும் தனியுரிமை இல்லாத பொதுச்சொத்து. இன்று இந்த அரங்கில் கேட்ட அதே கேலியை நாளை எதிர் அரங்கிலும் கேட்கலாம். நடிகர்களும் நடனமணிகளும் கூலி கிடைத்த இடத்துக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். ஆக, பக்கத்து அரங்கில் கிடைக்காத ஒன்றைக் காட்டியாக வேண்டிய முதலாளிக்கு, நடனத்தில் இன்னும் ஒரு துணியைக் குறைப்பதைத் தவிர வேறு வழி எளிதில் தோன்றவில்லை. ரசிகர்களின் ஆசைதான் எல்லை மீறலுக்குக் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுவதை நான் முழுமையாக ஏற்கவில்லை. எதிர்க்கடைக்காரர் மீதான பயத்துக்கும் அதில் பெரும்பங்கு உண்டு.

1932இல் பில்லி காலமானார். ஏப் தம்பிகளிடமிருந்து பிரிந்து தனிக்கடை வைத்தார். ஒரே குடும்பப் பெயர், ஒரே நகரம், ஒரே வகை நிகழ்ச்சி. வெளியாரின் போட்டியைவிடப் பங்காளிகளின் போட்டி எப்படியிருக்கும் என்பதை நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

[திரையில்: மேயர் லா கார்டியாவின் படம்]

1937 ஏப்ரலில் ஏப் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் நடத்திய நியூ காதம் அரங்கில், நடனமணி ஒருவர் கடைசித் துணியும் இல்லாமல் ஆடியதாக வழக்கு வந்தது. அரங்கு உரிமத்தை இழந்தது. பர்லெஸ்க்கை ஒழிக்கக் காத்திருந்த மேயர் லா கார்டியாவுக்கும் உரிம ஆணையர் பால் மாஸுக்கும் அதுவே வாய்ப்பாயிற்று: தவறு செய்தவர், செய்யாதவர் என்று பாராமல், நகரத்தின் மற்ற பர்லெஸ்க் அரங்குகளின் உரிமங்களும் மே மாதத்தில் புதுப்பிக்கப்படவில்லை. பின்னர்ச் சில அரங்குகள் அடக்க ஒடுக்கமான நிகழ்ச்சிகளுடன் திறந்தன. ஆனால் ‘பர்லெஸ்க்’ என்ற சொல்லும், சகோதரர்கள் பங்குபோட்டுக்கொண்ட ‘மின்ஸ்கி’ என்ற பெயரும் விளம்பரப் பலகைகளில் தடைசெய்யப்பட்டன.

[திரையில்: இன்றைய 42ஆம் தெரு]

ரிபப்ளிக் 1995 முதல் நியூ விக்டரி என்ற பெயரில் குழந்தைகளுக்கான அரங்காக இயங்குகிறது. எல்டிஞ்ச் கட்டடம் 1998இல் தண்டவாளத்தின் மேல் ஏறக்குறைய 170 அடி நகர்த்தப்பட்டு, திரையரங்க வளாகமொன்றின் முகப்பாயிற்று. அதை இழுத்துச் செல்வது போல முன்னால் கட்டப்பட்டிருந்த பெரிய பலூன் பொம்மைகள், 1935இல் அதே மேடையில் முதன்முதலாகச் சேர்ந்து நடித்த ஆபட், காஸ்டெல்லோ என்னும் நகைச்சுவை இணையின் உருவங்கள்.